கிராண்ட்ஸ்லாம் எண்ணிக்கை மட்டும் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். ஆண்கள் டென்னிஸில் எல்லாக் காலத்துக்கும் சேர்த்து யார் பெரியவர் என்று பேச ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரமே மூன்று எண்களில் வந்து நின்றுவிடுகிறது. ஜோகோவிச் 24, நடால் 22, பெடரர் 20. கிராண்ட்ஸ்லாம் என்றால் ஆஸ்திரேலியா, பாரிஸ், விம்பிள்டன், அமெரிக்கா என்று ஆண்டுதோறும் நடக்கும் நான்கு பெரிய போட்டிகள். அந்தப் பட்டங்களை எண்ணி வரிசைப்படுத்தினால் வேலை முடிந்தது. இந்தக் கணக்கில் பழைய தலைமுறை வீரர்களில் ராய் எமர்சனுக்கு 12, ராட் லேவருக்கு 11, பாஞ்சோ கொன்சாலஸுக்கு வெறும் 2. லேவரைவிட எமர்சன் பெரியவர் என்று அவர்கள் ஆட்டத்தைப் பார்த்த யாரும் சொல்லமாட்டார்கள். கணக்கு அங்கேயே இடிக்கிறது.

காரணம் எளிது. 1968 ஏப்ரல் வரை கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் அமெச்சூர் வீரர்களுக்கு மட்டுமே இடம். பணம் வாங்கி ஆடினால் உள்ளே விடமாட்டார்கள். கொன்சாலஸ் 1948, 1949 இரண்டு ஆண்டும் அமெரிக்கப் பட்டத்தை வென்ற கையோடு தொழில்முறைக்குப் போய்விட்டார். 1950களில் அவரை அடிக்க ஆளில்லை என்ற நிலை. ஆனால் விம்பிள்டனில் கால் வைக்க முடியாது. ஊர் ஊராகப் போய் மற்ற தொழில்முறை வீரர்களோடு மோதிக்கொண்டிருந்தார். தடை நீங்கியபோது வயது 40ஐத் தொட்டுவிட்டது. அப்படியும் 1969 விம்பிள்டனில் சார்லி பாசரெல்லை இரண்டு நாள் போராடி வென்றார்: 22–24, 1–6, 16–14, 6–3, 11–9. மொத்தம் 112 கேம். செட் இழுத்துக்கொண்டே போகாமல் முடித்துவைக்கும் டை பிரேக் வராத காலம். அப்போது அவருக்கு வயது 41.

லேவர் கதை இன்னும் சுவாரஸ்யம். 1962இல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களையும் ஒரே ஆண்டில் வென்றார். சரி, அப்போது உலகின் முதல் வீரர் அவர்தானா? இல்லை. அடுத்த ஆண்டு தொழில்முறைக்கு வந்ததும் கென் ரோஸ்வாலும் லூ ஹோடும் அவரைத் தொடக்கத்தில் வரிசையாகத் தோற்கடித்தார்கள். பிறகுதான் அவர்களையும் தாண்டி மேலே வந்தார். ஐந்து ஆண்டுக்குச் சற்றே கூடுதலான அந்தக் காலத்தில் அவர் ஆட முடியாமல் போன கிராண்ட்ஸ்லாம் போட்டிகள் 21. எமர்சன் தன் 12 பட்டங்களில் பெரும்பாலானவற்றை வென்றதும் அந்த இடைவெளியில்தான். 1969இல் எல்லோரும் ஆடலாம் என்றான பின், கிமெனோ, ரோஸ்வால், நியூகோம்ப், ரோச் ஆகியோரை இறுதியில் வென்று லேவர் மறுபடி நான்கையும் எடுத்தார். அன்று நான்கில் மூன்று போட்டிகள் புல்தரையில் நடந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அதன் பிறகு எந்த ஆணும் ஒரே ஆண்டில் நான்கையும் வெல்லவில்லை.

ஸ்வீடன் வீரர் பியோர்ன் போர்க் விஷயத்திலும் எண்ணிக்கை பொய் சொல்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனதே 1974இல் ஒரே ஒரு முறை. பயணம் தூரம், பரிசுப் பணம் குறைவு. பெரிய வீரர்கள் பலர் அதைத் தவிர்த்தார்கள். எண்ணும் மோகம் பிடித்ததே, எமர்சனின் 12ஐ 2000இல் சாம்ப்ராஸ் தாண்டிய காலத்தை ஒட்டித்தான். அதற்கு முன் ஆடியவர்களுக்கு அது குறிக்கோளே இல்லை.

அன்றைய மர ராக்கெட்டா, இன்றைய பாலியெஸ்டர் இழை கட்டிய ராக்கெட்டா என்ற வாதத்தை நான் விட்டுவிடுகிறேன். யாரும் தன் காலத்துக் கருவியோடுதான் ஆட முடியும். நான் பார்ப்பது ஒன்று: தன் காலத்தின் மிகச் சிறந்தவர்களை, எல்லாத் தரையிலும், எவ்வளவு தூரம் வென்றார்? அழகுக்கு மதிப்பெண் உண்டென்றால் பெடரருக்கே முழுமதிப்பெண். பாரிஸ் களிமண்ணில் 112 வெற்றி, 4 தோல்வி என்று நிற்கும் நடாலுக்கு அங்கே போட்டியே இல்லை. ஆனால் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களில் பெடரரை 27–23, நடாலை 31–29 என்று இருவரையும் முந்தியவர் ஜோகோவிச். நான்கு கிராண்ட்ஸ்லாம்களையும் தலா மூன்று முறையாவது வென்ற ஒரே ஆணும் அவர்தான். 2016 பாரிஸில் வென்றபோது நான்கு பட்டங்களும் ஒரே நேரத்தில் அவர் கையில் இருந்தன.

ஆகவே என் வரிசையில் ஜோகோவிச்சும் லேவரும் பக்கத்தில் பக்கத்தில். ஒரு மயிரிழை முன்னால் ஜோகோவிச். லேவருக்கு அந்த 21 போட்டிகள் கிடைத்திருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன். மூன்றாவது இடம் கொன்சாலஸுக்கு. பெடரர் ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, அதை நான் மாற்றுவதாக இல்லை. வணக்கம்.