அனாமத்துக் கணக்கு
(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

ஐயாமார்களே, ஆச்சிமார்களே, பிள்ளைகளே!

போன மாதம் எங்கள் மொட்டை மாடியில் ஒரே கூச்சல். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரந்தான் இருக்கும். மேற்கிலிருந்து வெளிச்சப் புள்ளிகள், கோத்த பாசி மாதிரி, சத்தமில்லாமல் வந்தன. கிழக்கே போனதும் ஒவ்வொன்றாக அணைந்தன. "வேற்றுக்கிரகத்துக்காரங்க வந்துட்டாங்க பெரியப்பா!" என்றான் தம்பி மகன். எனக்கும் ஒரு நொடி உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் விசாரித்தால், இணைய வசதிக்காக விண்ணில் விடும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ஏவிய புதிதில் அப்படித்தான் வரிசை கட்டிப் போகும். நமக்கு இருட்டினாலும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும். பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் மறையும். பையன் பார்த்தது நிஜம். வைத்த பெயர்தான் தப்பு.

வானில் இன்னதென்று தெரியாமல் பறந்தவற்றை விசாரிக்க அமெரிக்க விமானப்படை நடத்திய 'புளூ புக்' என்ற திட்டத்தை 1969-இல் மூடியபோது, ஏட்டில் இருந்த காட்சிகள் 12,618. அவற்றில் 701-க்கு விடை கிடைக்கவில்லை. "பார்த்தீர்களா, அந்த 701-தான் வேற்றுக்கிரகத்தார்" என்கிறார்கள். நம் பாட்டன்மார் பர்மாவில் கடை வைத்துக் கணக்கு எழுதியவர்கள். யார் கொடுத்தது என்று தெரியாத பணம் வந்தால் அனாமத்தில் வைப்பார்கள். எதிர்க்கடைக்காரர் பேரில் வரவு வைத்தால் மேலாள் சும்மா விடுவாரா?

அமெரிக்காவில் ரோஸ்வெல் என்ற ஊர்ப்பக்கம் 1947-இல் பறக்கும் தட்டு விழுந்தது, அரசு மறைத்துவிட்டது என்றும் சொல்வார்கள். விழுந்ததை மறைத்தது உண்மைதான். மறைத்தது பறக்கும் தட்டை அல்ல, சோவியத் அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்க விட்ட பலூனை. 1994-இல் விமானப்படையே அதைச் சொன்னது.

எனக்குப் பிடித்தது கேம்பிரிட்ஜ் கதை. 1967-இல் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, ரேடியோ தொலைநோக்கி வரைந்த காகிதச் சுருளை அடி அடியாகப் பார்க்கிறார். ஓரிடத்தில் சின்னக் கிறுக்கல். விரித்துப் பார்த்தால் துடிப்பு, சுமார் 1.3 விநாடிக்கு ஒன்று, கடிகாரம் தோற்றது. 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். மறுநாளே பத்திரிகைக்கு ஓடியிருக்கலாம், இல்லையா? ஓடவில்லை. கருவிக் கோளாறா என்று சோதித்தார்கள். வானத்தின் வேறொரு மூலையில் இன்னொரு துடிப்பையும் பெல்லே கண்டுபிடித்தார். இரண்டு மூலையிலிருந்து இரண்டு கூட்டம் ஒரே மாதிரி நம்மைக் கூப்பிடுமா? சுழலும் நியூட்ரான் விண்மீன்கள் அவை, பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் இறுகிய கரு. இன்று பல்சார் என்கிறோம்.

முன்வரிசை ஆச்சி கேட்கிறார்கள்: "அப்ப அங்கிட்டு யாருமே இல்லையாப்பா?"

இருக்கலாம் ஆச்சி. இருக்கிறார்களா என்பது ஒரு பேரேடு, இங்கே வந்தார்களா என்பது வேறு பேரேடு. பக்கத்து விண்மீனே 4.2 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. வாயேஜர் விண்கலத்தின் வேகத்தில் கிளம்பினால் எழுபதாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு தூரம் வந்தவர், மங்கலான பதினோரு விநாடி வீடியோவோடு திரும்பிப் போவாரா? ஒரு ஆணியாவது விட்டுப் போயிருக்கட்டும். நம் ஊரிலேயே மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, கொடுத்துப் பார்த்துவிடலாம்.