சைலன்சர் ஏன் ‘டப்டப்’ என்கிறது?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனாலும் பலாலி வீதியால் ஒருக்கால் போய் வருகிற மோட்டார் சைக்கிள் எத்தனை தடவை வேகத்தைக் குறைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கந்தர்மடம் சந்தி, பரமேஸ்வராச் சந்தி, திருநெல்வேலிச் சந்தை வாசல், நடுவில் குறுக்கே வருகிற மாடு. ஒவ்வொரு இடத்திலும் கை அக்சிலேற்றரை விடுகிறது. புதுச் சைலன்சர் குழாய் மாட்டிய வண்டி என்றால் அந்த நேரம் பார்த்துத்தான் பின்னால் இருந்து டப், டப், டப்டப் என்று சத்தம் வரும்.

எனது கராஜுக்கு வருகிற பொடியன்களில் சிலருக்கு அந்தச் சத்தம் பெருமை, சிலருக்குப் பயம். இரண்டு பேரும் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணை, இது எஞ்சினுக்குக் கூடாதோ?” அதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள். நான்கு அடிப்பு (ஃபோர் ஸ்ரோக்) எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் பிஸ்டன் உள்ளே இழுக்கும். அப்படிப் பார்த்தாலும் நிமிடத்துக்கு 2500 தடவை, ஒரு விநாடிக்கு நாற்பதுக்கு மேல். இப்போது நீங்கள் அக்சிலேற்றரை விடுகிறீர்கள். காற்றையும் பெற்றோலையும் கலக்கிற காபரேற்றரின் வாசல் அநேகமாக மூடிவிட்டது. பிஸ்டனுக்கு அது தெரியாது. சில்லு எஞ்சினைத் தள்ளிக்கொண்டு போகிறது, அதுவும் அதே வேகத்தில் இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. கிடைப்பதோ கொஞ்சக் காற்று, வண்டி நிற்கும்போது எஞ்சினை ஓட வைக்கிற ஐட்லிங் துளையால் வருகிற சொட்டுப் பெற்றோல், முந்தின தடவை வெளியேறாமல் மிஞ்சிய புகை. நன்றாக எரிவதற்கு எடைக் கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்குக் கிட்டத்தட்ட 15 பங்கு காற்று வேண்டும். இந்த மெலிந்த, புகை கலந்த கலவையில் பிளக் பொறி போட்டாலும் சில தடவை பற்றாது. பற்றாத பெற்றோல் அப்படியே வால்வு தாண்டிச் சூடான குழாய்க்குள் போகிறது. அங்கே புதுக் காற்றும் சந்தித்தால் உள்ளே எரிய வேண்டியது வெளியே எரிகிறது. அதுதான் அந்த டப்.

இதில் ஆட்கள் தலைகீழாக விளங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. குழாய்க்குள் பெற்றோல் எரிகிறது என்றதும், “அப்ப பெற்றோல் கூடிப்போச்சு” என்று முடிவெடுத்து காபரேற்றர் ஸ்குரூவை இறுக்கிக் குறைத்துவிடுவார்கள். அநேகமான வண்டிகளில் குற்றம் மற்றப் பக்கம். அடைப்பில்லாத குழாய் மாட்டினால் புகை இலகுவாகப் போகும், காற்றும் கூட வரும், ஆனால் காபரேற்றரில் பெற்றோலை அளந்து விடுகிற சின்னத் துளை, அதாவது ஜெற், பழைய குழாய்க்கு அளந்து வைத்ததுதானே. கலவை மெலிகிறது. மெலிந்தால் பற்றாது. பற்றாததுதான் வெளியே போய் வெடிக்கிறது. இன்னும் குறைத்தால் இன்னும் வெடிக்கும்.

பற்றாத எண்ணெய் குழாய்க்குள் போனால் என்ன நடக்கும் என்பதை எங்கள் ஊர் முன்பே பார்த்த ஊர். 1990களின் முதல் பாதியில், பெற்றோல் வராத காலத்தில், மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு சூப்பியால் துளிப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. பாதி எரியும், பாதி புகையாகப் பின்னால் போகும், இடைக்கிடை டப் என்று வெடிக்கும். நான் தொழில் பழகியது அந்த வண்டிகளில்தான். உடுப்பில் அந்த மணம் கழுவினாலும் போகாது.

சரி, இப்போதைய வண்டிக்கு வருவோம். போன மாதம் அராலிப் பக்கத்துப் பொடியன் ஒருவன் வந்தான். புதுக் குழாய் மாட்டி மூன்று மாதம். வேறொரு கராஜில் ஐட்லிங் துளைக்குப் பெற்றோல் விடுகிற பைலட் ஜெற்றை இரண்டு தடவை பெரிதாக்கியிருக்கிறார்கள். பிளக்கைக் கழற்றினேன், அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பு. பெற்றோல் தாராளமாகப் போகிறது, ஆனாலும் வெடி நிற்கவில்லை.

எஞ்சின் தலையில் குழாய் சேர்கிற இடத்தை ரோர்ச் அடித்துப் பார்த்தேன். நட்டுக்குக் கீழே, நகக்கண் அளவில் ஒரு கரிக்கோடு. சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் பூசி, குளிர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். பக், பக் என்று குமிழி வந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பழைய செம்பு வளையம், பழைய குழாய்க்கு நசுங்கிய அதே வளையம். அந்த வளையம் ஒரு தடவை நசுங்கி அடைக்கத்தான் செய்யப்பட்டது. அதைத் திருப்பிப் போட்டால் அடைக்காது.

“ஓட்டையால புகை வெளியதானே அண்ணை போகும், காத்து எப்பிடி உள்ள வரும்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. புகை குழாயால் ஒரே ஒழுக்காகப் போவதில்லை, துடித்துத் துடித்துப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும் குழாய்க்குள் அமுக்கம் வெளிக்காற்றை விடக் குறைகிற ஒரு கணம் வரும். அந்தக் கணத்தில் ஓட்டை உள்ளே இழுக்கும். புகை விடுகிற ஓட்டைதான் மூச்சும் வாங்குகிறது. எரியாத பெற்றோல் குழாயில் ஏற்கெனவே இருக்கிறது, சூடும் இருக்கிறது, இல்லாதது காற்று மட்டும்தான்.

நானும் ஒரு காலத்தில் ஜெற்றைத்தான் முதலில் மாற்றினவன். இப்போது அப்படிச் செய்வதில்லை. முதலில் மூட்டு, பிறகுதான் காபரேற்றர். புது வளையம் போடுங்கள். குழாயை மாட்டும்போது எல்லா நட்டையும் தளர்வாக வைத்து, எஞ்சின் பக்கத்து நட்டுகளை மாறி மாறிச் சமமாக இறுக்கி, பின்பக்கத் தாங்கி போல்ற்றைக் கடைசியாக இறுக்குங்கள். பின்பக்கத்தை முதலே இறுக்கினால் குழாய் கோணி நிற்கும், வளையம் ஒரு பக்கம்தான் நசுங்கும். குருநகர், நாவாந்துறை, தீவுப்பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்றில் அந்த நட்டுகள் துருப்பிடித்துக் கிடக்கும், பலவந்தமாகத் திருப்பினால் எஞ்சினில் பதித்த ஆணி, அந்த ஸ்ரட், முறியும். முதல் நாளே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். பழைய வெல்டிங் மூட்டுகளையும் தட்டிப் பாருங்கள்.

மூட்டு சரியாகியும் வெடித்தால் அப்புறம் ஐட்லிங் கலவையைச் சரிசெய்கிற பைலட் ஸ்குரூ. இது காபரேற்றரில் எஞ்சின் பக்கம் இருந்தால் அநேகமாகப் பெற்றோல் ஸ்குரூ, வெளியே திருப்பினால் பெற்றோல் கூடும். காற்றுவடி பக்கம் இருந்தால் அது காற்று ஸ்குரூ, உள்ளே திருப்பினால்தான் பெற்றோல் கூடும். இதை மாறி விளங்கியே எத்தனையோ வண்டி கெட்டிருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கால் சுற்று, ஓடிப் பார்ப்பது, இன்னும் கால் சுற்று. முன்பு எத்தனை சுற்றில் இருந்தது என்று எழுதி வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பைலட் ஜெற் ஒரு நம்பர் கூட்டலாம், ஒன்றே ஒன்று. ஆசைக்குக் கூட்டினால் வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது மெஷின் காட்டிக்கொடுக்கும்.

குழாயே மாற்றாத வண்டியும் சில நேரம் வெடிக்கும். காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் பிளந்து காற்று புகலாம். எங்கள் வெயிலுக்கு அது சீக்கிரம் காய்ந்துவிடும். சில வண்டிகளில் புகையைச் சுத்தமாக்குவதற்கென்றே வால்வுக்குப் பக்கத்தில் காற்று விடுகிற சின்னக் குழாய் ஒன்று உண்டு. அக்சிலேற்றரை விட்டதும் அது தானாக மூட வேண்டும். மூடாவிட்டால் வெடிக்கும். பெற்றோல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் ஸ்குரூவைத் தேடாதீர்கள், அங்கே கணக்குப் போடுவது கம்பியூட்டர். புதுக் குழாயில், புகையை அளந்து கம்பியூட்டருக்குச் சொல்கிற ஒட்சிசன் சென்சருக்குத் துளை இல்லை என்று அதைக் கழற்றி வயரில் தொங்க விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழாயை வாங்காமல் இருந்திருக்கலாம்.

மெல்லிய சத்தத்தில் கொறுகொறு என்று முணுமுணுத்தால் விட்டுவிடுங்கள், திறந்த குழாயின் சுபாவம் அது. உறுமி உறுமி வெடிப்பதுதான் கூடாது. சைலன்சருக்குள் சுற்றியிருக்கிற கண்ணாடிப் பஞ்சு கிழியும், புகை சுத்திகரிக்கிற தேன்கூடு மாதிரியான பாகம் இருந்தால் அது சூட்டில் உருகவும் கூடும்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பின்னேரம் கராஜ் வாசலில் ஒரு வண்டியை ரேஸ் கொடுத்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலமாக ஒன்று வெடித்தது. முன்வீட்டு அம்மா குசினியால் ஓடி வந்து, “தம்பி, எங்க?” என்று கேட்டார். என்ன என்று கேட்கவில்லை, எங்கே என்றுதான் கேட்டார். சைலன்சர் அம்மா என்றேன். பேசாமல் உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் பின்னேரத்தில் கராஜ் வாசலில் வண்டி சோதிப்பதில்லை, கடலோரத்துப் பண்ணைப் பாலத்துக்குக் கொண்டு போகிறேன்.

அராலிப் பொடியனின் வண்டியையும் அங்கேதான் கொண்டு போனோம். புது வளையம், பழைய ஜெற், ஸ்குரூ அரைச் சுற்று வெளியே. அவன் ஓட்ட நான் பின்னால் இருந்தேன். மண்டைதீவுப் பக்கம் போய்த் திரும்பி, கோட்டை தெரிகிற நேரம் 60இல் வைத்து அக்சிலேற்றரை விடச் சொன்னேன். அடித்தொண்டையில் ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். பாலத்தடியில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றவர் திரும்பியும் பார்க்கவில்லை.