சீஸ் சுத்தி வந்த ஈயத்துல தமிழ் எழுத்து! தரங்கம்பாடி சபையோட 300 வருஷக் கதை

(திரையில்: ஈயத் தகடு உருகி, சின்ன அச்சுக்குழிக்குள்ள வழியுது)

லண்டன்லேருந்து கப்பல்ல சீஸ் வருது. செஷயர் சீஸ். மாசக்கணக்கா கடல்ல வரணும், கெட்டுடக் கூடாதுன்னு ஈயத்தால மூடி அனுப்பியிருக்காங்க. வந்து இறங்கின இடம் நம்ம தரங்கம்பாடி. சீஸைச் சாப்பிட்டாச்சு. மூடியிருந்த ஈயத்தை என்ன பண்ணாங்க தெரியுமா? உருக்கித் தமிழ் எழுத்து வார்த்தாங்க!

வணக்கம் மக்களே. மாயவரம், சீர்காழி, பொறையார், காரைக்கால் பக்கத்துக்காரங்க யாராவது பார்த்துக்கிட்டு இருந்தா கமெண்ட்ல ஊர்ப் பேரைப் போடுங்க. இது உங்க ஊர்க் கிறிஸ்தவ சபையோட கதை.

1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரங்களுக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்தார், அவங்க கோட்டை கட்டி வியாபாரம் பண்ணாங்க. இது பள்ளிக்கூடத்துலயே படிச்சதுதான், தாண்டிடலாம்.

1706 ஜூலை 9. கிறிஸ்தவ மதத்தைப் பரப்புற மிஷனரிங்களா, சீகன்பால்கு, புளூட்சோன்னு ரெண்டு ஜெர்மன்காரங்க வந்து இறங்குறாங்க. அனுப்பினது டென்மார்க் ராஜா நாலாம் ஃபிரெடெரிக். சீகன்பால்குக்கு மறுநாள் 24 வயசு முடியுது. அவர் தமிழ் படிச்ச இடம் எது? திண்ணைப் பள்ளிக்கூடம். சின்னப் பிள்ளைங்களோட தரையில உட்கார்ந்து, மணல்ல விரலை வெச்சு எழுதிப் பழகினார். அந்தக் காட்சியை நினைச்சாலே எனக்கு அந்த மனுஷன் மேல ஒரு பிரியம் வந்துடுது.

அடுத்த வருஷமே, 1707ல, முதல் ஞானஸ்நானம். அஞ்சு பேர். அஞ்சு பேருமே ஐரோப்பியர் வீட்டு அடிமைங்க. சபைப் பதிவேட்டுல முதல் வரியில இருக்கிறது ஊர்ப் பெரிய மனுஷங்க பேர் இல்ல, இவங்க பேருதான்.

(திரையில்: மரத்தாலான பழைய அச்சு இயந்திரம்)

இப்ப என்னோட ஆசைப் பகுதிக்கு வர்றேன். கொஞ்சம் நேரம் எடுத்துப்பேன், பொறுத்துக்கோங்க.

லண்டன்ல இருந்த எஸ்.பி.சி.கே.ங்கிற கிறிஸ்தவ சங்கம் ஒரு அச்சு மெஷின் அனுப்புறாங்க. வழியில பிரெஞ்சுக்காரங்க கப்பலைப் பிடிச்சுடறாங்க. அதுலேருந்து மீண்டு வர்றப்ப, கூட வந்த அச்சுக்காரர் நடுவழியிலயே இறந்துடறார். 1712ல மெஷின் வந்து சேருது. 1713ல ஜெர்மனி ஹாலே ஊர்லேருந்து தமிழ் எழுத்துங்க வருது. எழுதி அனுப்பின எழுத்தைப் பார்த்து, தமிழே தெரியாத கைங்க செதுக்கினது.

எழுத்து வந்துடுச்சு, ஆனா ரொம்பப் பெருசு! ஒரு பக்கத்துல கொஞ்சம் வார்த்தைங்கதான் அடங்குது. காகிதமோ கப்பல்ல வரணும். பைபிளோட ரெண்டாம் பகுதியான புதிய ஏற்பாட்டுல, நாலு சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714ல அச்சாகுது. மிச்சத்துக்குக் காகிதம் போதாது. அப்பதான் சின்ன எழுத்து நாமளே வார்ப்போம்னு முடிவு பண்றாங்க. ஈயத்துக்கு எங்க போறது? அங்கதான் சீஸ் மூடி!

ஒரு 'கு'வை நினைச்சுப் பாருங்க. கண்ணாடியில தெரியுற மாதிரி இடம் வலமாத் திருப்பிச் செதுக்கணும். கீழே வளையுற அந்த வால் பக்கத்து எழுத்து மேல இடிக்கக் கூடாது. இங்கிலீஷுக்கு 26 எழுத்தைச் செஞ்சுட்டு, பெருசு சின்னதுன்னு ரெண்டு வகையோட முடிச்சுடலாம். நமக்கு கு, சு, டு, மு எல்லாம் தனித்தனி உருவம், ஒவ்வொண்ணுக்கும் தனி அச்சு. இதை எல்லாம் கடற்கரைப் பட்டறையில உட்கார்ந்து பண்ணியிருக்காங்க. 1715ல புதிய ஏற்பாடு முழுசும் முடியுது. இந்திய மொழியில அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. பக்கத்துப் பொறையார்ல காகிதமும் செய்யப் பார்த்தாங்க. கடுதாசிப் பட்டறைங்கிற பேர் அதுலேருந்து வந்ததுதான்.

முதல்ல கட்டின கோயில் கடலோட போச்சு. ராஜாவோட கிரீட முத்திரையோட புது எருசலேம் ஆலயம் 1718ல பிரதிஷ்டை. மறு வருஷமே சீகன்பால்கு காலமானார். வயசு 36.

ஆனா இந்தச் சபைக்கதை எனக்குச் சீகன்பால்குவோட முடியலை. இராஜநாயக்கனோடதான் முடியுது.

தஞ்சாவூர் ராஜா படையில சேவகர் அவர். பறையர் குடும்பம், பிறப்புல கத்தோலிக்கர். தஞ்சாவூர் ராஜ்ஜியத்துக்குள்ள வெள்ளைக்கார மிஷனரிங்க நினைச்ச மாதிரி போயிட முடியாது. புத்தகம் போயிடுச்சு. தரங்கம்பாடியில அச்சான வேதப் புத்தகம் ஒண்ணு அவர் கைக்குக் கிடைக்குது. படிச்சார். படிச்சதை அப்படியே நம்பி, சேவகத்தை விட்டுட்டு உபதேசியாரா, அதாவது வேதம் சொல்லிக் கொடுக்கிறவரா, டெல்டா கிராமங்களை நடந்தே சுத்தினார்.

1733ல ஆரோன்ங்கிறவருக்குக் குருப்பட்டம் கொடுக்கிறாங்க. புராட்டஸ்டன்ட் சபைகள்ல முதல் இந்தியப் போதகர், வெள்ளாளர். இராஜநாயக்கனுக்கும் கொடுக்கலாமான்னு பேச்சு வந்துது. கொடுக்கலை. அவர் கையால நற்கருணை அப்பம் வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவங்க சம்மதிக்க மாட்டாங்கன்னு பின்வாங்கிட்டாங்க. ஆராதனையிலயும் சாதி பார்த்துத் தனித்தனியாத்தான் உட்கார்ந்தாங்க. அடிமைங்க அஞ்சு பேர்ல தொடங்கின சபை! எனக்கு இது இன்னிக்கும் ஆறலை. எழுத்து வார்க்கக் காட்டின துணிச்சலை இதுலயும் காட்டியிருக்கணும்.

இது பாப்டிஸ்ட் சபையான்னு போன வீடியோவுல ஒருத்தர் கேட்டிருந்தீங்க. இல்லீங்க, மார்ட்டின் லூதர் வழி வந்த லுத்தரன் சபை. இங்க கைக்குழந்தைக்கும் ஞானஸ்நானம் உண்டு. பாப்டிஸ்டுகள் விவரம் தெரிஞ்சு விசுவசிச்சவங்களைத்தான் தண்ணியில முழுக்குவாங்க. ஆனா ஒரு தொடர்பு இருக்கு. பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி 1792ல எழுதின புத்தகத்துலயே தரங்கம்பாடி வருது. 1800ல வங்காளத்துல இங்கிலீஷ்காரங்களோட கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் மிஷனரிங்களை விடாதப்ப, கேரியும் கூட்டாளிங்களும் ஒதுங்கின செராம்பூர் யாரோட ஊர்? அதே டென்மார்க்கோட ஊர். ரெண்டு ஊரையும் 1845ல சேர்த்தே இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டாங்க.

(திரையில்: ராஜா வீதி, ஆலய முகப்பு, உள்ளே பலிபீடம்)

ஆலயத்துக்குள்ள சீகன்பால்கு கல்லறை இருக்கு, போய்ப் பாருங்க. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையோட கோயில், இன்னமும் தமிழ்ல ஆராதனை நடக்குது.

ஒரு உதவி வேணும். உங்க தாத்தா, கொள்ளுத்தாத்தா யாராவது டெல்டாவுல உபதேசியாரா இருந்திருந்தா, அவர் பேரையும் நடந்த கிராமத்தையும் கமெண்ட்ல எழுதுங்க. பரண்ல அவர் வெச்சிருந்த பழைய பைபிள் இருந்தா முதல் பக்கத்தைப் பிரிச்சுப் பாருங்க, பேர் எழுதியிருப்பாங்க. அடுத்த வீடியோவுல அந்தப் பேர்களை ஒவ்வொண்ணா நான் வாசிக்கிறேன்.