மெத்தடோன், புப்ரெனார்ஃபின், நால்ட்ரெக்ஸோன்: தொடங்கும் நாளும் நிறுத்தும் நாளும்

வணக்கம், நேயர்களே. சிங்கப்பூரில் மருந்தாளுநராகப் பணிபுரியும் என்னிடம், ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள முயல்பவர்களின் குடும்பத்தார், அதிலும் குறிப்பாகத் தாய்மார்கள், தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இருக்கிறதிலேயே நல்ல மருந்து எதும்மா?" மூன்று மருந்துகளையும் இன்று ஒரே ஒரு கோணத்தில் ஒப்பிட விரும்புகிறேன். ஒவ்வொன்றையும் எப்படித் தொடங்க வேண்டும், இடையில் நிறுத்திவிட்டால் என்ன நேரும் என்பதே அந்தக் கோணம். உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இந்த இரண்டு கட்டங்களில்தான் வருகிறது.

முதலில் மெத்தடோன். 1960களின் நடுப்பகுதியில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வான்டர் ஆகிய மருத்துவர்கள் இதை ஹெராயின் அடிமைப்பழக்கத்துக்கான சிகிச்சையாக வளர்த்தெடுத்தார்கள். மூளையில் ஹெராயின் எந்த ஏற்பிகளில், அதாவது மருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களில், ஒட்டுகிறதோ அதே ஏற்பிகளில் இதுவும் ஒட்டுகிறது. ஆனால் மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்பதால், நாளுக்கு ஒருமுறை குடித்தால் உடல்வலியும் நடுக்கமும் அடங்கி, அந்த மனிதர் வேலைக்குப் போய் வர முடிகிறது. சிங்கப்பூரில் இச்சிகிச்சை வழங்கப்படுவதில்லை. மலேசியாவில் 2005 முதல் அரசே இதை வழங்கி வருவதால், ஜொகூரில் சொந்தபந்தம் உள்ள நம்மில் பலருக்கு இந்தப் பெயர் பழக்கமானது.

மெத்தடோன் உடலை விட்டு நீங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே இரண்டாம் நாள் குடிக்கும் மருந்து, முதல் நாளின் மிச்சத்தோடு சேர்ந்துகொள்கிறது. நான்கைந்து நாள்களில் அளவு கூட்டப்படாமலேயே இரத்தத்தில் மருந்து ஏறிவிடுகிறது. அதனால்தான் முதல் நாளில் பொதுவாக 30 மில்லிகிராமைத் தாண்டாமல் தொடங்கி, பல வாரங்களில் படிப்படியாக உயர்த்துகிறார்கள். பலருக்கு 60 முதல் 120 மில்லிகிராம் வரை தேவைப்படுகிறது. அந்த முதல் வாரத்தில் "இது போதவில்லை, தூக்கமே வரவில்லை" என்று அவர் தவிக்கும்போது, இரக்கப்பட்டு வீட்டிலுள்ள தூக்க மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். இதயத் துடிப்பின் சீரையும் மெத்தடோன் பாதிக்கக்கூடும் என்பதால், தேவைப்படுவோருக்கு இசிஜி எடுத்துப் பார்ப்பார்கள்.

புப்ரெனார்ஃபின் நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் மருந்து. இது ஏற்பிகளை இறுகப் பற்றிக்கொண்டாலும் அரைகுறையாகவே தூண்டுகிறது; ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் மூச்சை அடக்கும் தன்மை பெரிதாகக் கூடுவதில்லை. மெத்தடோனைவிட இது பாதுகாப்பானதாகக் கருதப்படுவதற்கு இதுவே காரணம். ஆனால் தொடங்குவதற்குப் பொறுமை வேண்டும். ஹெராயினை எடுத்துக் குறைந்தது 12 மணி நேரமாவது கடந்து, கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், விரிந்த கண்மணி என்று விடுபடும் அறிகுறிகள் தெளிவாகத் தெரிந்த பிறகே முதல் மாத்திரையைக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால், ஏற்பிகளிலிருந்து ஹெராயினை இது ஒரேயடியாகத் தள்ளிவிட, அரை மணி நேரத்திலேயே வாந்தியும் வயிற்றுப்போக்கும் அவரைப் புரட்டிப் போட்டுவிடும். அப்படி ஒருமுறை அவதிப்பட்டவரை மீண்டும் சிகிச்சைக்கு அழைத்து வருவது மிகவும் கடினம். மாத்திரை முழுவதும் கரைந்த பின் வாயை நீரால் கொப்பளித்து, பல் துலக்க ஒரு மணி நேரம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். இம்மருந்தால் பல் கெடுவதைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022ல் எச்சரித்தது.

இந்த மருந்துக்கு நம் நாட்டில் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. சுபுடெக்ஸ் என்ற பெயரில் 2002ல் இங்கே சிகிச்சைக்காக அறிமுகமானது. சிலர் மாத்திரையைப் பொடித்து, டோர்மிக்கம் என்ற தூக்க மருந்தோடு கலந்து ஊசியில் ஏற்றத் தொடங்கினார்கள். இரத்தக்குழாய் அடைபட்டுக் கை கால்களை இழந்தவர்கள் உண்டு. 2006 ஆகஸ்ட் 14 முதல் இது 'ஏ' வகுப்புக் கட்டுப்பாட்டுப் போதைப்பொருள். மருந்தின் குறையைவிட, மாத்திரைகளைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய முறையின் குறைதான் பெரிது என்பது என் கருத்து. என் கருத்து எதுவானாலும் சட்டம் சட்டம்தான். இந்தியாவிலோ மலேசியாவிலோ மருத்துவர் எழுதிக் கொடுத்ததாகவே இருந்தாலும், முன்அனுமதி பெறாமல் ஒரு மாத்திரையைக்கூட இங்கே கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

ஆகவே இங்குள்ள குடும்பங்களுக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் நால்ட்ரெக்ஸோன். இது போதை தருவதில்லை. ஏற்பிகளை அடைத்துக்கொண்டு, ஹெராயினை எடுத்தாலும் அது ஏறாமல் தடுக்கிறது. தினமும் 50 மில்லிகிராம் மாத்திரையாகவோ, சில நாடுகளில் மாதம் ஒருமுறை 380 மில்லிகிராம் ஊசியாகவோ கொடுக்கப்படுகிறது. தொடங்குவதற்கு முன் 7 முதல் 10 நாள்கள் ஹெராயின் அறவே உடலில் இருக்கக் கூடாது என்பதுதான் இதன் பெரிய தடை. 570 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், நால்ட்ரெக்ஸோன் ஊசிக்குத் தேர்வானவர்களில் 28 விழுக்காட்டினரால் சிகிச்சையைத் தொடங்கவே முடியவில்லை. புப்ரெனார்ஃபின் பிரிவில் அது 6 விழுக்காடு. தொடங்க முடிந்தவர்களை மட்டும் கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. அந்தப் பத்து நாள் வேதனையை வீட்டறையில் பூட்டி வைத்துக் கடக்கச் செய்யாதீர்கள். இங்குள்ள மருத்துவர்கள் போதைப்புழங்கிகளைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள் என்பதால் குடும்பங்கள் தயங்குகின்றன. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மனநலக் கழகத்தின் அடிமைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவில், இந்த நாள்களைத் தாங்கிக்கொள்ளத் துணை மருந்துகளும் ஆலோசனையும் உண்டு.

இனி நிறுத்தும் நாள். "ஆறு மாதம் ஆயிற்றே, இன்னுமா மருந்து?" என்று கேட்கும் சித்தப்பாவும் பெரியம்மாவும் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். 2017ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், மெத்தடோன் சிகிச்சையில் இருந்தவர்களிடையே ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குச் சுமார் 11 மரணங்கள். சிகிச்சையை விட்டு வெளியேறியவர்களிடையே சுமார் 36. நால்ட்ரெக்ஸோனை நிறுத்துபவரின் உடல் ஹெராயினைத் தாங்கும் பழைய பலத்தை முற்றிலும் இழந்திருக்கும். முன்பு வழக்கமாக எடுத்த அதே அளவு இப்போது அவரைக் கொன்றுவிடலாம். மாத்திரை நின்றுபோனது தெரிந்தால் சண்டை போடாமல், அன்றே மருத்துவரை அழையுங்கள்.

வழக்கத்துக்கு மாறான கரகரத்த குறட்டை, நீலம் பாய்ந்த உதடு, ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணி, உலுக்கியும் எழாத தூக்கம் ஆகியவற்றைக் கண்டால், தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். 995ஐ அழையுங்கள், மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சு இல்லையென்றால், தொலைபேசியில் பேசுபவர் சொல்லச் சொல்ல முதலுதவி செய்யுங்கள். அவர் என்ன எடுத்தார், எப்போது எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.