கழுத்து வலிக்கு பிலாட்டீஸ்

நேயர்களுக்கு வணக்கம். கழுத்து வலி என்று எங்களைப் போன்ற இயன்முறை மருத்துவர்களிடம் வருகிறவர்கள் பலர், அதற்குள் தைலம் தேய்த்து, சலூனில் சொடக்கும் எடுத்துப் பார்த்திருப்பார்கள். சொடக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். கழுத்தை வெடுக்கென்று திருப்பினால், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழியலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்துவிட்டால் பக்கவாதம்வரை போகும்.

நம் தலை நாலரை, ஐந்து கிலோ எடை. செல்போனைப் பார்க்கக் குனிந்தால் பாரமெல்லாம் பின்கழுத்துத் தசைகளுக்குப் போகிறது. தொண்டைக்குப் பின்னால், எலும்பை ஒட்டியிருக்கும் சின்னத் தசைகளோ வேலையில்லாமல் பலம் குறைகின்றன. அவற்றுக்கு வேலை கொடுக்கத்தான் பிலாட்டீஸ் என்கிற உடற்பயிற்சி முறை.

இதை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். சிறுவயதில் ஆஸ்துமாக்காரர். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் முகாமில் அடைத்துவைத்தார்கள். அங்கே எழ முடியாமல் கிடந்தவர்களுக்குக் கட்டிலிலேயே ஸ்பிரிங் மாட்டிப் பயிற்சி கொடுத்தார் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. நிற்கவே முடியாதவரையும் படுத்த இடத்திலேயே பயிற்சி செய்யவைக்கலாம், பாருங்கள்! கழுத்து வலிக்காரருக்கு வேண்டியதும் அதுதான். படுத்தால் தலையின் பாரத்தைத் தரை வாங்கிக்கொள்ளும்.

சரி, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தலைக்கடியில் மடித்த துண்டு. இனி ‘ஆமாம்’ என்று தலையாட்டுவதுபோல மோவாயை மெல்ல, மிக மெல்லத் தொண்டைப் பக்கம் இறக்குங்கள். தலை துண்டை விட்டு எழும்பக் கூடாது. மறுபடி சொல்கிறேன், எழும்பக் கூடாது. கழுத்தின் பக்கவாட்டில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே தசை விறைத்துப் புடைத்தால் பலத்தைக் குறையுங்கள். சில நொடி அப்படியே இருந்து, தளர்த்துங்கள். மூச்சை அடக்காதீர்கள். பலன் இரண்டு நாளில் தெரியாது, வாரக்கணக்கில் செய்ய வேண்டும்.

பிலாட்டீஸ் வீடியோக்களில் மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கிக்கொண்டு நூறு எண்ணுகிறார்களே, அந்தப் பயிற்சியை வலி உள்ளவர்கள் தலையைக் கீழேயே வைத்துச் செய்யட்டும்.

தோள்பட்டைப் பயிற்சியையும் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்று மட்டும்: டைப் அடிக்கும்போது தோள் காதுப்பக்கம் ஏறியிருந்தால் இறக்கிவிடுங்கள். அப்புறம், கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ பயிற்சி வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். நன்றி, வணக்கம்.