கொன்ற ஊர் நட வேண்டிய கல்

எல்லாருக்கும் வணக்கம். இந்த மழையிலும் அல்சூர் வரை வந்திருக்கிறீர்கள். பின்வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

பேகூர் கோயிலுக்குப் போனவர்கள் கை தூக்குங்கள். நாலே பேர்! அந்த நாகேசுவரர் கோயிலில் பழங்கன்னட நடுகல் எழுத்து ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 1,100 வருஷப் பழசு. பெங்களூரில் நடந்த சண்டையில் புட்டணசெட்டி செத்தான் என்கிறது. இந்த ஊர்ப் பெயர் வருகிற மிகப் பழைய எழுத்து அதுதான். செத்தவனைச் சொல்லப்போய்த்தான் ஊர்ப் பெயரும் நமக்குக் கிடைத்தது.

நம் தமிழிலும் செத்தவனுக்குக் கல் நடுவது உண்டு. கல்லைத் தேடுவதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. ஆனால் கல் யாருக்கு? ஆநிரை மீட்கப்போய் விழுந்தவனுக்கு. நட்டவர்கள் அவனுடைய ஆட்கள். சண்டையே போடாதவனை, இன்ன இனத்தில் பிறந்தான் என்று கும்பல் அடித்துக் கொன்றால், கல்லை யார் நடுவது?

அமெரிக்காவில் அலபாமா மாநிலம், மான்ட்கமரி. பிரையன் ஸ்டீவன்சன் என்கிற வக்கீலின் அமைப்பு 2018-ல் அங்கே ஒரு நினைவிடம் திறந்தது. 1877 முதல் 1950 வரை கும்பல்கள் கொன்ற கறுப்பின மக்கள் 4,400 பேருக்கு மேல். கொலை நடந்த கவுண்டிக்கு ஒன்றாக 800-க்கும் அதிகமான உருக்குத் தூண்கள். கவுண்டி என்றால் நம் ஜில்லா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தூண் கண்ணுக்கு நேரே இருக்கும். நடக்க நடக்கத் தரை இறங்கும், தூண் இறங்காது. கடைசியில் அண்ணாந்து பார்த்தால் அத்தனையும் தலைக்கு மேல் தொங்கும். அன்றைக்கு வேடிக்கை பார்த்த கூட்டம் நின்ற மாதிரி நாம் நின்றுகொண்டிருப்போம்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வெளியே கிடப்பதுதான். ஒவ்வொரு தூணுக்கும் இன்னொன்று செய்து வரிசையாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். அந்தந்தக் கவுண்டிக்காரர்கள் வந்து, தங்கள் தூணை எடுத்துப்போய்த் தங்கள் மண்ணில் நட வேண்டும் என்பது திட்டம். செத்தவனின் ஆட்கள் நட்டுவந்த கல்லை, கொன்ற ஊர் நடட்டும் என்கிறார்கள். நம் தொல்காப்பியத்தில் இதற்குத் துறை கிடையாது.

நட்டால் மட்டும் நிற்குமா? எம்மெட் டில் 14 வயதுக் கறுப்பினப் பையன். 1955-ல் மிசிசிப்பியில் கொன்றார்கள். உடலை மீட்ட ஆற்றங்கரையில் பலகை வைத்தார்கள். ஒன்று காணாமல் போனது. அடுத்து வைத்ததைச் சுட்டுச் சல்லடையாக்கினார்கள். மாற்றி வைத்தார்கள், மறுபடி சுட்டார்கள். 2019-ல் குண்டு துளைக்காத பலகையே வைக்க வேண்டியதாயிற்று. சுடுகிறவன் அந்தப் பெயரை எவ்வளவு பத்திரமாக ஞாபகம் வைத்திருக்கிறான், பாருங்கள்.

அப்புறம், டிசம்பர் 1991. காவிரி இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்த கையோடு இங்கே பெங்களூரில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரம் முன்வரிசைப் பெரியவர்களுக்குத் தெரியும். அதையும் இதையும் நான் ஒப்பிடவில்லை. அளவு வேறு, காரணம் வேறு. எங்கள் அப்பாவின் சைக்கிள் கடைப் பலகையில் தமிழ் எழுத்து மேல் தார் பூசிவிட்டுப் போனார்கள். அப்பா பழையதைப் பரணில் போட்டுவிட்டுக் கன்னடத்தில் புதிது மாட்டினார். அதைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. போன மாதம் அதை இறக்கினேன். தார் வெடித்து, அடியில் ‘முருகன்’ என்பதில் ‘மு’ மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது. காயலான் கடையில் போடலாம் என்கிறான் தம்பி. இப்போதைக்கு என் ஸ்கூட்டருக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன்.