மார்க்கமும் உப்புவெளியும்: காணி பிரிக்கும் முன்னே

(திருகோணமலையில் நகர வளர்ச்சி பற்றி நடந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

கனடாவில் ஒரு சொந்தக்காரர்கூட இல்லாத குடும்பம் இந்த மண்டபத்தில் குறைவாகத்தான் இருக்கும். ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் என்ற நகரத்தில் அண்ணனோ சித்தியோ மகளோ வீடு வாங்கியிருப்பார்கள். வாட்ஸ்அப்பில் படம் வரும். இரண்டு மாடி, செங்கல் முகப்பு, இரண்டு கார் நிறுத்தும் கராஜ், முன்னால் ஒட்ட வெட்டிய புல். அதைப் பார்த்து உப்புவெளியிலும் நிலாவெளி வீதியிலும் நாமும் அப்படி ஒன்று கட்ட ஆசைப்படுகிறோம். ஆசைப்படுவதில் பிழையில்லை. ஆனால் அந்தப் படத்தில் விழாத ஒரு விஷயத்தைப் பேசத்தான் வந்திருக்கிறேன். அந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும் முன்பே அந்தத் தெருவில் என்ன வேலையெல்லாம் முடிந்திருந்தது, அதற்கு யார் காசு கொடுத்தார்கள்? இதுதான் என் பேச்சு.

மார்க்கம் பழைய ஊர். பழங்குடி மக்களின் நிலமாக இருந்த இடத்தில், 1794இல் வில்லியம் பெர்சி என்பவர் ஜெர்மன் குடும்பங்களை அழைத்து வந்து காடு வெட்டிக் குடியேற்றினார். அப்புறம் மாவு ஆலை, மர ஆலை, கோதுமை வயல் என்று நூற்றைம்பது வருடத்துக்கு மேல் விவசாய ஊராகவே கிடந்தது. 1871இல் ரயில் வந்தது. நமக்கு ரயில் வந்தது 1927இல். ரயில் வந்தும் மார்க்கம் நகரமாகிவிடவில்லை. அதற்கு இன்னொரு நூறு வருடம் எடுத்தது.

1971 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய 37,000 பேர். 1991இல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. 2001இல் 2,08,000. 2021இல் 3,38,000. ஐம்பது வருடத்தில் ஒன்பது மடங்கு! 2012 ஜூலை 1இல்தான் சட்டப்படி 'நகரம்' என்ற தரம் கிடைத்தது.

ஏன் இப்படிப் பெருத்தது என்று கேட்டால், கம்பியூட்டர் கம்பனிகள் வந்ததால் என்பார்கள். அது உண்மைதான். ஐபிஎம் நிறுவனத்தின் கனடாத் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. ஹொங்கொங்கிலிருந்து போனவர்கள் 1985இல் தொடங்கிய ஏடிஐ, கம்பியூட்டர் திரைக்கான சில்லு செய்து உலகப் பெயர் எடுத்தது. 2006இல் ஏஎம்டி அதை வாங்கியது. 1997இல் 407ஆம் நெடுஞ்சாலை திறக்கத் தொடங்கி, பிறகு மார்க்கத்துக்கும் வந்தது. சரி, இதெல்லாம் காரணம்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்திய காரணம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் படம் அனுப்பமாட்டார்கள், ஏனென்றால் அது ஒரு கழிவுநீர்க் குழாய்.

மார்க்கத்துக்கு ஏரிக்கரை இல்லை. ஒன்ராறியோ ஏரிக்கும் அதற்கும் இடையில் ரொறன்ரோ கிடக்கிறது. ஊருக்குள் ஓடுவது ரூஜ் ஆறும் சில சிற்றாறுகளும். லட்சக்கணக்கானவர்களின் கழிவை அந்தச் சிறிய ஆறுகள் தாங்காது. அதனால் 1970களில் மாகாண அரசு, மார்க்கம் இருக்கிற யோர்க், பக்கத்து டர்ஹம் என்ற இரண்டு பிரதேசங்களுக்கும் சேர்த்து ஒரு பெருங்குழாய்த் திட்டத்தைத் தொடங்கியது. கழிவுநீர் மண்ணுக்கடியால் பல மைல் ஓடி, பிக்கரிங்கில் ஏரிக்கரையோரம் இருக்கிற டஃபின் கிரீக் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்குள்ளவர்கள் அதைப் 'பெரிய குழாய்' என்றே சொல்வார்கள். குழாய் எட்டிய இடத்தில் வீடுகள் எழுந்தன. எட்டாத இடம் வயலாகவே இருந்தது. ஒரு பணக்கார நகரத்தின் எல்லையைச் சாக்கடைதான் கீறியது என்றால் கேட்க நன்றாயிராது, ஆனால் நடந்தது அதுதான்.

அடுத்தது காசு. மார்க்கம் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு கம்பனி வயலை வாங்கி நூறு வீடு கட்டப் போகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு என்று அபிவிருத்திக் கட்டணம் நகரசபைக்குக் கட்ட வேண்டும். 1997இல் வந்த சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. தண்ணீர்க் குழாய், வீதி, தீயணைப்பு நிலையம், நூலகம் எல்லாவற்றிலும் புதிய சனத்தால் கூடும் செலவை அந்தப் பணம் தாங்குகிறது. பூங்காவுக்கென்று நூற்றுக்கு ஐந்து பங்கு நிலத்தை, அல்லது அதன் பெறுமதியைக் கொடுக்க வேண்டும். உள்வீதிகளையும் வடிகான்களையும் கம்பனியே போட வேண்டும். போட்டு முடித்ததும் நகரசபை உடனே பொறுப்பெடுக்காது. வங்கி உத்தரவாதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வீதி இரண்டு மூன்று மாரியைத் தாங்குகிறதா என்று பார்த்து, மேல் தார்ப்படையும் போட்ட பிறகுதான் தன் கணக்கில் எடுக்கும். இந்தக் கடைசி ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டியவர் காசை எடுத்துக்கொண்டு நடந்துவிட முடியாது.

என் தங்கை குடும்பம் அங்கே இருக்கிறது. அவள் வீட்டுத் தெருவின் முடிவில் ஒரு குளம். சுற்றிப் புல்லும் நாணலும், கரையில் வாத்துகள், நடக்க ஒரு பாதை. அழகுக்காக வெட்டியது என்றுதான் நினைத்தேன். அது மழைநீர்க் குளம். தெருக்களில் விழுகிற மழை முழுவதும் குழாய் வழியே அதற்குள் வந்து, மண்ணும் குப்பையும் அடியில் தங்க, தெளிந்த நீர் மெதுமெதுவாக ஆற்றுக்குப் போகும். நல்ல விலைக்கு விற்கக்கூடிய பல வீட்டுக் காணிகளை இப்படிக் குளத்துக்கு விட்டிருக்கிறார்கள். சட்டம் இல்லாவிட்டால் எந்தக் கம்பனி விடும்?

அங்கேயும் பழைய பகுதிகளில் இந்த ஏற்பாடு இல்லை. 2005 ஓகஸ்டில் ஒரே பிற்பகலில் கொட்டிய மழையில் தோர்ன்ஹில் பக்கம் வீடுகளின் நிலவறைகள் தண்ணீரில் நின்றன. பழைய குழாய்கள் சிறியவை. அதைச் சரிசெய்யப் பல பத்தாண்டுத் திட்டம் ஒன்று போட்டு, 2015 முதல் எல்லா வீட்டுக்காரரிடமும் மழைநீர்க் கட்டணம் வாங்குகிறார்கள். முந்திய தலைமுறை மிச்சம் பிடித்த காசை இன்றைய தலைமுறை பல மடங்காகக் கட்டுகிறது.

பழைய கட்டடங்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புதிய வீதிக்கும் கடைத்தொகுதிக்கும் இடைஞ்சலான நூறு வருட மரவீடுகளை வேறு வழியே இல்லாதபோது அடியோடு தூக்கி, சில்லு பூட்டிய வண்டியில் ஏற்றி, நகரசபை ஒதுக்கிய ஒரு குடியிருப்பில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதற்கு 'மார்க்கம் ஹெரிடேஜ் எஸ்டேட்ஸ்' என்று பெயர். அங்கே காணி வாங்குபவர் பழைய வீட்டைத் திருத்திக் குடியிருக்க வேண்டும். நமது ஊரில் பழைய நாற்சார் வீடுகளும் தூண் வைத்த விறாந்தைகளும் ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம்முடையவை கல்வீடுகள், வண்டியில் ஏற்ற முடியாது. ஒரு பட்டியலாவது போட்டு வைக்கலாமே!

இனி நம் ஆட்களின் கதை. எண்பதுகளில் போனவர்கள் ரொறன்ரோ அடுக்குமாடிகளிலும் ஸ்காபரோவிலும் குடியிருந்தார்கள். ஸ்காபரோவின் வட எல்லை ஸ்ரீல்ஸ் அவெனியூ. அந்தத் தெருவைக் கடந்தால் மார்க்கம். இரண்டு வேலை செய்து, சீட்டுப் பிடித்து, நிலவறையை வாடகைக்கு விட்டு, அந்த ஒரு தெருவைக் கடக்கப் பலருக்கு இருபது வருடம் பிடித்தது. 2006இல் லோகன் கணபதி மார்க்கம் நகரசபைக்கு உறுப்பினராகத் தெரிவானார், 2018இல் மாகாண சட்டமன்றத்துக்கும் போனார். அந்த நகரத்தில் இன்று வன்னி என்ற பெயரில் ஒரு வீதி இருக்கிறது.

ஆனால் படத்தில் தெரிகிற வசதியில் பெரும் பகுதி வங்கிக் கடன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே வீட்டின் சராசரி விலை பத்து லட்சம் டொலரைத் தாண்டி வருடங்களாகிவிட்டன. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே அங்கே வீடு வாங்க முடியாமல் இன்னும் வடக்கே போகிறார்கள். 2016க்கும் 2021க்கும் இடையில் சனத்தொகை நூற்றுக்கு மூன்றுகூடக் கூடவில்லை. கார் இல்லாமல் பல இடங்களில் பால் வாங்கவும் போக முடியாது. இதை உணர்ந்து 1990களில் கோர்னெல் என்ற பகுதியில், கராஜைப் பின் ஒழுங்கைக்குத் தள்ளி, வாசலைத் தெருவோடு ஒட்டி, நடந்து போகிற ஊராகக் கட்டிப் பார்த்தார்கள். நல்ல முயற்சி, ஆனால் நகரம் முழுவதும் அப்படி மாறவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு மண். கனடாவிலேயே நல்ல விளைநிலங்களில் சில அந்தப் பக்கம்தான் இருந்தன. அவற்றின்மேல் இப்போது கார் நிறுத்துகிறார்கள். 2005இல் மாகாணம் பசுமை வளையம் என்று பதினெட்டு லட்சம் ஏக்கரைக் கட்டட வேலையிலிருந்து சட்டத்தால் காத்தது. 2022இல் அதில் ஒரு பகுதியை எடுக்க அரசு முயன்றபோது சனம் கிளம்பியது, அடுத்த வருடமே அரசு பின்வாங்கியது. மார்க்கத்துக்குள்ளேயே ரூஜ் ஆற்றோரம் தேசிய நகர்ப்புறப் பூங்காவாக இருக்கிறது. ஊர் வளரலாம், ஆனால் எல்லா இடத்திலும் வளரக் கூடாது என்று அவர்கள் பிந்தித்தான் முடிவெடுத்தார்கள். பிந்தியாவது எடுத்தார்களே.

இப்போது நமது ஊருக்கு வருகிறேன்.

திருகோணமலைப் பட்டினம் கடலுக்குள் நீட்டிய கை மாதிரி. கோணேசர் மலைப் பக்கமும் துறைமுகப் பக்கமும் வளர இடமில்லை. பெரும் பகுதி கோட்டையும் படையும் அரச காணியும். அதனால் ஊர் வடக்கேதான் போகும், போய்க்கொண்டிருக்கிறது. உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, நிலாவெளி. 2009க்குப் பிறகு விடுதிகள் வந்தன. அவற்றின் பின்னால் வெளிநாட்டுக் காசில் கட்டிய வீடுகள் வந்தன. நமது வசதியான புறநகர் இதுதான், ஏற்கனவே கட்டத் தொடங்கியாயிற்று.

அங்கே ஒரு ஒழுங்கைக்குள் வாருங்கள். பத்தடி அகலம், மணல். இரண்டு பக்கமும் உயர்ந்த மதில். ஒரு மதிலின் அடியால் பிவிசி குழாய் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, குளியலறைத் தண்ணீர் ஒழுங்கையில் ஓடுகிறது. மதிலுக்கு உள்ளே மூன்று மாடி விடுதி, அதன் மலசலக்குழி வேலியோரம். அடுத்த வளவில் பழைய கிணறு. மணல் தரை எதையும் தடுத்து வைக்காது, குழியில் விட்டது கிணற்றுக்கு வந்துதான் சேரும். கார்த்திகை, மார்கழி மழையில் ஒழுங்கை வாய்க்காலாகிவிடும். கழிவு அள்ளும் பவுசரும் தீயணைப்பு வண்டியும் உள்ளே திரும்ப முடியாது. முன்பு தாழ்வான நிலத்தில் தேங்கிக் களப்புக்குப் போன தண்ணீருக்கு இப்போது போக வழியில்லை, ஏனென்றால் தாழ்வான நிலத்தைக் கிரவல் போட்டு நிரப்பி, பேர்ச்சஸ் கணக்கில் விற்றாயிற்று.

யாரையும் திட்ட நான் வரவில்லை. போரில் எல்லாம் இழந்து, கிடைத்த காணியில் கொட்டில் போட்டவர்களிடம் வடிகான் எங்கே என்று கேட்பது அநியாயம். நான் கேட்பது காணியைத் துண்டு போட்டு விற்பவர்களிடமும், விடுதி கட்டுபவர்களிடமும், அதற்கு அனுமதி கொடுக்கிற இடங்களிலும். உள்ளே வீட்டுக்குப் பல கோடி செலவழிக்கிறவர் வெளியே ஒழுங்கைக்கு ஏன் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை?

பேச்சு முடிந்ததும் ஒரு தம்பி எழுந்து கேட்டார். "கனடாச் சட்டம் நமக்கு எப்படி ஐயா வரும்? அங்கே காசு இருக்கிறது, இங்கே இல்லையே."

அவருக்குச் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். தம்பி, இந்த ஒரு விஷயத்தில் நமது சட்டம் அவர்களுடையதைவிடக் கடுமையானது. நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனம் செய்த பகுதிகளில் ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால், வீதிகளை விட்டு, நூற்றுக்குப் பத்துப் பங்கைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டிலேயே ஒழுங்குவிதி வந்தது. ஒன்ராறியோவில் ஐந்து, இங்கே பத்து. ஒரு ஹெக்டேயர் என்றால் ஏறக்குறைய 395 பேர்ச்சஸ். அந்த அளவைத் தாண்டாமல் காணியைச் சிறிது சிறிதாக உடைத்து விற்றால் விதி பொருந்தாமல் போய்விடும். விதி பொருந்திய இடத்திலும் ஒதுக்கிய துண்டு பிளானில் மட்டும் இருந்துவிட்டு, தரையில் யாரோ ஒருவரின் மதிலுக்குள் போய்விடலாம்.

நீங்கள் இருக்கிற காணி பெரிய காணி ஒன்றிலிருந்து பிரிந்ததா? அப்படியானால் காணி உறுதிப் பத்திரத்தோடு இருக்கிற நில அளவைப் படத்தை எடுங்கள். அதில் பொதுத் தேவைக்கென்று ஒதுக்கிய துண்டு எது, அதன் இலக்கம் என்ன, எத்தனை பேர்ச்சஸ் என்று பாருங்கள். பிறகு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு நடந்து போங்கள். துண்டு வெறுமையாகக் கிடந்தால் பிரதேச சபைக்கு எழுதி, அது யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். மழைக்குளம் வெட்ட இடம் அதுதான், பிள்ளைகள் விளையாட இடமும் அதுதான். மதிலுக்குள் போயிருந்தால் அயலவர் எல்லாரும் கையெழுத்து வைத்து எழுதுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதலாம்.